கல்லுச்செடிக்குக் கட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிடுவேன், அதனாலேயே சொந்தத்தில் பாதிப் பேருக்கு இந்த லோகேஸ்வரியைக் கண்டால் ஆகாது. ஆனால் இதை மட்டும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே வாயில் எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வரும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

கிள்ளானில் என் தங்கை ரமணியின் வீட்டுக்கு நான் போனது ஒரு சனிக்கிழமை. ரவாங்கில் ரயில் ஏறி, இறங்கி, கிராப் கார் பிடித்து அவள் வாசலில் நின்றபோது மணி பதினொன்று. அவள் புருஷன் கமலநாதன் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், முற்றிச் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ரமணிக்கும் அதே நோய்தான். இடது காலில் புண் என்று போனில் சொன்னவள், கிளினிக்கில் கொடுத்த இரண்டு தேதிக்கும் போகவில்லை. இன்னும் இழுத்தடித்தால் காலையே எடுத்துவிடுவார்கள். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. தரதரவென்று இழுத்தாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது என்றுதான் வந்திருந்தேன்.

கேட்டைத் திறக்கும் முன்பே நாற்றம் வந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னையா வேலியோரம் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் மீன் லோரி ஓட்டியவர். எளிதில் முகம் சுளிக்கிற ஆள் இல்லை.

“அக்கா, உள்ள எலி கிலி செத்துக் கிடக்கா பாருங்க லா. நாலு நாளா எனக்குச் சோறு இறங்கல. உங்க தங்கச்சியக் கேட்டா ஒரு வாடையும் இல்லையேங்குது.”

கமலநாதனுக்குச் செடிப் பைத்தியம். ரோஜா, மல்லிகை என்று வளர்த்திருந்தால் சாமிக்காவது ஆகியிருக்கும். அவன் வளர்த்தது எல்லாம் உடம்புக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பாலைவனச் செடிகள். நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் அதுகளைப் பிழைக்க வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. அவன் போன பிறகு சாரல் அடித்து, வாசலில் இருந்த நாற்பது சாடியும் அழுகிக் கூழாகக் கிடந்தன. நாற்றம் அதிலிருந்துதான் என்று முதலில் நினைத்தேன்.

இல்லை. செடி அழுகினால் வருகிற வாடை எனக்குத் தெரியும். இது இறைச்சி வாடை.

ரமணி கதவைத் திறந்தாள். நன்றாக இளைத்திருந்தாள். இடது காலில் துணி சுற்றியிருந்தது. “வாக்கா, சாப்டியா?” என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. கூடத்தில் ஈ மொய்க்கிற சத்தம், ஒரே சுருதியில், நிற்காமல் கேட்டது.

கமலநாதனின் சக்கர நாற்காலி கூடத்தின் நடுவில் இருந்தது. அதில் ஒரு பூச்சாடி உட்கார்ந்திருந்தது.

அந்தச் செடியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சோமாலியா பக்கத்துச் செடியாம், இணையத்தில் யாரிடமோ வாங்கினான். அதன் பெயர் வாயில் நுழையாது, வீட்டில் கல்லுச்செடி என்றுதான் சொல்வோம். இலை கிடையாது, முள் கிடையாது. சொறி பிடித்த ஒரு சாம்பல் பச்சை உருண்டை, அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டித் தண்ணீர், அதற்கு மேல் ஊற்றினால் செத்துப்போகும். பூத்தால் செத்த மாட்டு நாற்றம் அடிக்கும், ஈயைக் கூப்பிடத்தான் அந்த நாற்றம் என்று கமலநாதன் ஒரு தடவை பெருமையாகச் சொன்னான். அப்போது அது நெல்லிக்காய் அளவு.

இப்போது ஒரு ஆளின் முழங்கால் அளவு இருந்தது. பூ எங்கே என்று தேடினேன். பூவே இல்லை.

மேலே வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது.

“உட்காருக்கா. கட்டு மாத்துற நேரம்” என்றாள் ரமணி.

இரண்டு வருஷம் அவள் கமலநாதனின் காலுக்கு அப்படித்தான் கட்டு மாற்றினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதே முக்காலி, அதே இடுக்கி, அதே உப்புத் தண்ணீர் பாட்டில். துணியைப் பிரித்தாள். மஞ்சள் நீர் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் செடியின் தோல் பிளந்து ஈரமாக இருந்தது. அந்தப் பிளவுக்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. ரமணி இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்துப் பால் டின் மூடியில் போட்டாள். அவசரப்படவேயில்லை. நான் முந்தானையை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

“ரமணி, அது செடிடி. உனக்கு என்ன பிடிச்சிருக்கு?”

“மெதுவாப் பேசுக்கா. இப்பத்தான் கண்ணசந்தாரு.”

கூடத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

“யாரு?”

அவள் புண்ணைத் துடைத்துக்கொண்டே கிசுகிசுத்தாள். “ரெண்டு வருஷத்துக்கு முன்ன அவரு கால் பெருவிரல எடுத்தாங்கல்ல. குப்பையில போடாதீங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. ஐயருகிட்ட கேட்டோம். உயிரோட இருக்கிறவருக்கு என்ன காரியம் பண்றது, மண்ணுல பொதைச்சிருங்கன்னாரு. இந்த வீட்டுல மண்ணு ஏதுக்கா? வாசல் பூரா சிமெண்டு. அதான் இந்தச் சாடியில.”

நம் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். எரித்த மறுநாள் எலும்பைப் பொறுக்கிப் பாலில் கழுவிக் கடலில் கரைத்துவிட வேண்டும். ஒரு பல்லைக்கூட வீட்டில் வைக்கமாட்டோம். கமலநாதனையும் அப்படித்தான் போர்ட் கிள்ளானில் படகு பிடித்துக் கரைத்தோம். நானும் கரையில் நின்றேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. மறந்துட்டியா?”

“மறக்கல. சொல்லல.” முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாத்தையும் கடலுக்குக் கொடுத்துட்டா எனக்கு என்னக்கா இருக்கு? காலையில எழுந்து இந்தக் கை என்ன செய்யும்?”

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. செத்தும் கெடுத்தான் என்பார்களே, அப்படி இவன் செத்த பிறகும் என் தங்கச்சியை ஊழியம் செய்ய வைத்திருக்கிறான். இந்த விரலை எடுத்துக் கடலில் சேர்க்காதவரை அவள் இந்த நாற்காலியை விட்டு நகரமாட்டாள், அவள் காலும் தப்பாது என்று புரிந்தது. கிளினிக்குக்குப் போக வேண்டும், குளித்துவிட்டு வா என்று அவளைக் குளியலறைக்குத் தள்ளினேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் சாடியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன்.

சாடி சூடாக இருந்தது.

சிமெண்டுத் தரையில் கவிழ்த்தேன். பொடிக்கல்லும் கரியும் சரிந்தன. காய்ந்திருக்க வேண்டிய கல் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. உருண்டையின் அடியில் வேர் இல்லை. சிவப்பாக, மெல்லிசாக, நரம்பு நரம்பாகத் தொங்கியது. அதைத் தொட என் விரல் மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே கையை விட்டேன்.

வெதுவெதுப்பு.

ஏதோ என் சுட்டுவிரலைச் சுற்றியது.

சுற்றி, மெல்ல இறுக்கியது.

வெடுக்கென்று இழுத்தேன். கையோடு ஒரு பழுப்பு எலும்பு வந்தது. கமலநாதனின் பெருவிரல். அப்பாடா என்று அதை ஓரமாக வைத்தபோது, கல்லுக்கிடையே இன்னொன்று கிடந்ததைப் பார்த்தேன்.

கமலநாதனுக்கு எடுத்தது ஒரே ஒரு விரல்தான்.

இது புதுசு. கறுத்துச் சுருங்கியிருந்தாலும் நகம் இருந்தது. விரலில் வெள்ளி மெட்டி இருந்தது. எங்கள் அம்மா ரமணியின் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த மெட்டி, புருஷன் செத்த அன்றும் அவள் கழற்ற மறுத்தது.

திரும்பினேன். ரமணி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஈரக்காலோடு நின்றாள். துணி சுற்றாத இடது காலில் பெருவிரலுக்குப் பக்கத்தில் வெற்றிடம்.

“அதுவா விழுந்துச்சுக்கா. வலிக்கவே இல்ல” என்றாள். “அவரு தனியா இருக்காரேன்னு வச்சேன்.”

அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, கன்னையா வீட்டுப் பாராங்கத்தியை வாங்கி வந்து அந்த உருண்டையை நாலாக வெட்டினேன். வெட்டிய இடத்தில் பச்சை நிறம் கொஞ்சமும் இல்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன். அன்று மாலையே ரமணி ஆஸ்பத்திரியில் படுத்தாள். பத்து நாள் இருந்தாள். கால் தப்பியது, நாலு விரல் மிச்சம் என்றார் டாக்டர். கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

ஐயரைக் கூட்டிக்கொண்டு படகேறி, இரண்டு விரலையும் பாலில் கழுவி என் கையாலேயே கடலில் விட்டேன். மெட்டியோடு அது மூழ்குவதைக் கண்ணால் பார்த்தேன். ரமணியை ரவாங்குக்குக் கூட்டி வந்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள், நாடகம் பார்த்துச் சிரித்தாள். காலை மட்டும் என்னிடம் காட்டமாட்டாள், தானே கட்டு மாற்றிக்கொள்வேன் என்பாள். வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன். அது என் புத்திகெட்டத்தனம்.

ஆறு வாரம் கழித்துக் கிளினிக்கில் கால் பரிசோதனை. அங்கே நர்ஸாக இருந்த மிஸ்ஸி ஷாமினி சின்னப் பெண், நல்ல பிள்ளை. ரமணியைப் படுக்க வைத்துக் காலுறையைக் கழற்றினாள். நைலான் நூல் போன்ற ஒரு கம்பியைக் காட்டினாள்.

“ஆன்டி, கண்ண மூடிக்குங்க. நான் இதால தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க, ஓகே?”

பெருவிரலில் தொட்டாள். ரமணிக்குத் தெரியவில்லை. சுண்டுவிரலில் தொட்டாள். அதிலும் உணர்ச்சி இல்லை. ஷாமினி கோப்பைப் புரட்டி நெற்றியைச் சுருக்கினாள்.

“இதுல ரெண்டாவது விரல் இல்லைன்னு எழுதியிருக்காங்க. யாரோ தப்பா எழுதிட்டாங்க போல” என்று பேனாவால் அடித்துத் திருத்தினாள். “அஞ்சும் இருக்கே. இது மட்டும் கொஞ்சம் கலர் மாறியிருக்கு, டாக்டர்கிட்ட காட்டிரலாம்.”

நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

இரண்டாவதில் நகம் இல்லை. சாம்பல் பச்சையாக, சொறி சொறியாக இருந்தது. ஷாமினி கம்பியால் அதைத் தொட்டாள். ரமணி கண்ணை மூடியபடியே, புருஷன் கூப்பிட்டதற்குக் குரல் கொடுப்பதுபோல் “ம்ம்” என்றாள்.

ஷாமினி எழுதக் குனிந்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். மற்ற நாலு விரலும் அசையாமல் கிடக்க, அந்த ஒரு விரல் மட்டும் ஜன்னலிலிருந்து வந்த வெயிலைப் பார்த்து மெல்ல மெல்லத் திரும்பியது.