பார்க்காத படத்தின் தீர்ப்பு

செல்போன் அலறியபோது ஜாபேஸ் ஒரு படத்தைக் கொன்றுகொண்டிருந்தான்.

"...இந்தப் படத்துல ஒழுங்கா நடிச்சது மழை ஒண்ணுதான். அதையும் டைரக்டர் ரெண்டாவது சீன்லயே நிறுத்திட்டாரு."

கேமராவை அணைத்தான்.

பாளையங்கோட்டையில் அவன் வீட்டு மாடி அறை. வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. அன்று வெளியான 'ஏழரை டன்' படத்துக்கான தீர்ப்பு பாதியில் நின்றது.

'முதல் காட்சித் தீர்ப்பு' என்பது அவன் யூடியூப் சேனல். நான்கு லட்சம் பேர் பார்க்கிறார்கள். போன வாரம் 'தகரக் கோட்டை'யைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடச் சொன்னான். அதற்கு முந்தின வாரம் 'மாஞ்சோலை டிரைவர்' கதாநாயகனிடம், முகத்தில் ஏதாவது ஒன்று வரட்டும், கொப்புளமாக இருந்தாலும் பரவாயில்லை என்றான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

போனில் இன்ஸ்பெக்டர் ஞானசம்பந்தன்.

சுத்தமல்லி அணைக்கட்டுக்குக் கீழே, தாமிரபரணியில் ஒரு உடல். பின்மண்டையில் பலத்த அடி. மதியம் பன்னிரண்டு மணியை ஒட்டி உயிர் போயிருக்கலாம். ஆள் கிருபைராஜ். களக்காட்டுக்காரர். சினிமா டைரக்டர்.

"உமக்குத் தெரிஞ்சவருதானே?"

"தெரியும் சார். போன மாசம் அவரு படத்தை விமர்சனம் பண்ணினேன்."

"பாத்தேன் வே. எங்க போஸ்ட்மார்ட்டம் டாக்டர் கூட அவ்வளவு கிழிக்க மாட்டாரு. ஸ்டேஷன் வரைக்கும் வாரும்."

ஜாபேஸ் போனை வைத்தான்.

 

கிருபைராஜைக் கொன்றது அவன்தான். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. மாட்டுவானா, மாட்டானா... அது ஒன்றுதான் பாக்கி.

விஷயம் இதுதான். நான்கு லட்சம் பேருக்குத் தீர்ப்புச் சொல்லும் ஜாபேஸ் தியேட்டருக்குள் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. படம் பார்ப்பது என்றாலே அவனுக்குக் கசந்துபோயிருந்தது.

அவனுக்குப் பதிலாகப் பார்ப்பவன் அகமது மீரான். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவன். மேலப்பாளையத்தில் மருந்துக்கடை. சினிமா என்றால் உயிர். வெள்ளிக்கிழமை தவறாமல் முதல் காட்சிக்குப் போவான், கதையை ஒப்பிப்பான். ஜாபேஸ் அதன் மேல் அமிலம் ஊற்றுவான். வேலை முடிந்தது.

ரசிகர்கள் அடிப்பார்கள் என்று தொப்பியும் முகக்கவசமும் போட்டுத்தான் தியேட்டருக்குப் போவதாக ஜாபேஸ் சேனலில் பெருமையாகச் சொல்லுவான். தொப்பி, முகக்கவசம் இரண்டும் மீரானுடையவை.

இதைக் கண்டுபிடித்தவர் கிருபைராஜ்.

அவருடைய 'உடன்குடிப் பாதை' வெளியான அன்று, முதல் காட்சி நேரத்தில், ஜாபேஸ் தன் சித்தப்பா மகள் ரீபாவின் கல்யாணத்தில் இருந்தான். கல்யாண வீடியோ எடுத்தவர் கிருபைராஜின் கேமராமேன். சினிமா இல்லாத நாட்களில் அவருக்குக் கல்யாணம்தான் பிழைப்பு. அவருக்கு அது வெறும் கல்யாண வீடியோ; அதில் ஜாபேஸையும் நேரத்தையும் கவனித்தவர் கிருபைராஜ் மட்டும்தான்.

கிருபைராஜ் தன் போனில் அந்த வீடியோவைக் காட்டியபோது அவர் குரல் உயரவே இல்லை.

"என் படம் ஓடிக்கிட்டிருந்த நேரத்துல நீரு பந்தியில இருக்கீரு. ரெண்டாவது தடவை நல்லி எலும்பு கேட்டு வாங்குதீரு. அன்னிக்குச் சாயந்திரம் வந்து, 'இந்தப் படம் பாத்த நேரம் என் ஆயுசுல திரும்ப வருமா'ன்னு கேக்கீரு. மூணு வருஷம் வே... மூணு வருஷம் அந்தப் படத்துக்காக நான் பட்டினி கிடந்தேன்."

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நேரலையில் ஜாபேஸின் முகத்திரை கிழியும் என்று அறிவித்துவிட்டார்.

அந்த வீடியோ வெளியே வந்தால் ஜாபேஸ் என்ற பெயர் அன்றோடு சரி. ஊர் அவனைத் தீர்ப்புச் சொல்லியே கொன்றுவிடும். அவன் பழக்கிய ஊர்தானே.

வியாழக்கிழமை நேரில் போய்க் கெஞ்சினான். நானே மன்னிப்புக் கேட்டு வீடியோ போடுகிறேன், நாளைக்கு அணைக்கட்டில் வைத்து எடுப்போம், நீங்களே எடுங்கள் என்றான். டைரக்டர் அல்லவா? அந்த ஆசையில் விழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மீரான் வந்தான். ஜாபேஸ் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருமினான். காய்ச்சல் என்றான். தன் போனை நீட்டினான்.

"மாப்ள, இதுல கேமரா நல்லாருக்கும். தியேட்டர் வாசல்ல கூட்டத்தை எடுத்துட்டு, கையோட வச்சுக்க. படம் முடிஞ்சதும் நேரா இங்கன வந்துரு."

"அப்போ என் போனை வீட்டுலயே போட்டுட்டுப் போறேன். ரெண்டு போனைக் கட்டிச் சொமக்க யாரால ஆகும்?"

அவ்வளவுதான். டிக்கெட் ஜாபேஸ் பெயரில். போன் தியேட்டரில். ஆள் அணைக்கட்டில்.

ஒரு கல். ஒரே அடி. கிருபைராஜின் போன் ஆற்றோடு போனது.

மீரான் மூன்று மணிக்குத் திரும்பி வந்து கதை சொன்னான். முதல் பாதி சுமார், இரண்டாம் பாதியில் ஜனங்கள் டைரக்டரின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள் என்றான்.

ஸ்டேஷனில் ஜாபேஸ் அதையே வாக்குமூலமாகக் கொடுத்தான். பதினொரு மணிக்கு உள்ளே போனேன். ஒன்றே முக்காலுக்கு வெளியே வந்தேன். இதோ டிக்கெட். வேண்டுமானால் போன் எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானசம்பந்தன் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

இரவே 'ஏழரை டன்' தீர்ப்பு வெளியானது. எட்டு லட்சம் பார்வைகள்.

திங்கட்கிழமை காலை மறுபடியும் அழைப்பு வந்தது.

இன்ஸ்பெக்டர் மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. அவர் டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இந்தக் கையெழுத்து உம்மதுதானே?"

"ஆமா சார்."

"படம் முடியுத வரைக்கும் சீட்டை விட்டு எழும்பலை?"

"எழும்பலை."

"மூத்திரத்துக்குக் கூட?"

"இல்ல சார். எப்போ முடியும்னு மணியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"போனு?"

"என் கையிலதான் சார். ஒரு நிமிஷம் கூட விட்டுப் பிரியலை."

"நல்லது." ஒரு வாய் டீ குடித்தார். "நீரு சபைக்குப் போற ஆளுதானே வே?"

ஜாபேஸ் விழித்தான்.

"ஆமா சார். ஞாயித்துக்கிழமை தவறாமப் போவேன்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒண்ணும் கிடையாது சார்."

"அப்போ உம்ம போன் மட்டும் எதுக்கு வே மேலப்பாளையம் பள்ளிவாசல்ல ஜும்மா தொழுதுச்சு?"

டீ கிளாஸ் மேஜையில் 'டொக்' என்று உட்கார்ந்தது.



"பன்னிரண்டேகாலுக்குத் தியேட்டரை விட்டுக் கிளம்பியிருக்கு. ஒண்ணரை வரைக்கும் மேலப்பாளையத்துல இருக்கு. அப்புறம் திரும்பவும் தியேட்டர் வாசலுக்கு வந்திருக்கு. டவர் சொன்னது அவ்வளவுதான். பள்ளிவாசல்னு சொன்னது வேற ஆளு. நடுவுல உம்ம போன்லருந்து ஒரு வீட்டுக்குக் கால் போயிருக்கு வே. 'கைலியை எடுத்து வை, வந்துக்கிட்டே இருக்கேன்'னு யாரோ பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்காரு. உமக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே."

கதவு திறந்தது. அகமது மீரான் நின்றான். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

 ஜாபேஸுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. வந்தது ஒரே கேள்விதான்.

"ஏலே... அப்போ ரெண்டாம் பாதி?"

"படம் வெள்ளிக்கிழமைதானே மாப்ள வருது." மீரான் தரையைப் பார்த்தான். "பதினொரு மணி ஆட்டம்னா, இடைவேளை விடுதப்போ தொழுகைக்கு நேரமாயிரும். நான் போய்த் தொழுதுட்டு, திரும்ப வந்து கேட் பக்கம் நிப்பேன். படம் விட்டு வாறவங்ககிட்டக் கேட்டுக்கிடுவேன்."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேலே."

"நீ கேட்டியா?" மீரான் முதல் முறையாக நிமிர்ந்தான். "இருவது வருஷப் பழக்கம். என்னிக்காவது ஒரு வெள்ளிக்கிழமை, 'தொழப் போனியாலே'ன்னு கேட்டிருக்கியா? காய்ச்சல்னு சொன்ன. நம்பினேன். தொழுகையில உனக்குச் சொகமாகணும்னு கேட்டுட்டு வந்தேன். உன் போனைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு."



இரண்டாம் பாதிகளைப் பற்றி ஜாபேஸ் சொன்ன அத்தனை தீர்ப்பும், நான்கு லட்சம் பேர் கைதட்டிய அத்தனை வசையும், தியேட்டர் கேட்டில் யார் யாரோ துப்பிவிட்டுப் போனவை. அவன் கோபம் கூட அவனுடையது இல்லை.

கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தான்.

"தியேட்டருக்குப் போனேன்னு சொன்னது பொய்தான் சார். அதுக்காகக் கொலை பண்ணினேன்னு ஆயிருமா?"

"ஆகாது வே. நியாயமாத்தான் கேக்கீரு." ஞானசம்பந்தன் இரண்டாவது தாளைத் திருப்பினார். ஒரு புகைப்படம். "நீரு தியேட்டர்ல இல்லைன்னு தெரிஞ்ச பொறவுதான் வேற எங்க இருந்தீருன்னு தேடினோம். அணைக்கட்டு ரோட்டுல ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. கேமரா நல்ல கேமரா. உம்ம ஸ்கூட்டர் போகையில ரெண்டு பேரு இருக்கீங்க. திரும்பி வரையில ஒருத்தர்தான் இருக்கீரு."

 ஜாபேஸ் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காட்சியைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

விலங்கு மாட்டப்பட்டது. மீரான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வாசலில் ஜீப் தயாராக இருந்தது. ஜாபேஸ் படியிறங்கும்போது இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டினார்.

"கிருபைராஜ் படத்தைப் போய் உக்காந்து பாத்துத் தொலைச்சிருந்தா ரெண்டேகால் மணி நேரத் தண்டனையோட போயிருக்கும் வே. அதுல இடைவேளையாவது உண்டு."