பானைத் தண்ணீர்

விடிந்ததும் நிரப்பிய பானை பத்து மணிக்கே வறண்டு கிடந்தது. மூன்று நாளாவது தாங்க வேண்டிய தண்ணீர். அழகர் மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவினான். ஈரம்கூட இல்லை, வேப்பிலை வாடை மட்டும் வந்தது.

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி ஷௌகத் அலியின் வீட்டு முன்முற்றத்தில், கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்த பானைகள் பன்னிரண்டு. மண்பானை மெல்லக் கசிந்து வேருக்கு நீர் ஊட்டும். வாளி வாளியாய் இறைத்து வீணாக்க வேண்டாம். அழகரின் யோசனைதான். சுற்றிலும் புல்லைப் பத்தை பத்தையாக வெட்டி வந்து விரித்தாயிற்று. பெருநாள்வரை வாடாமல் நின்றால் அவனுக்கு நிரந்தர வேலை, பின்கட்டில் ஓர் அறை. மதுரைப் பக்கம் தன் மாமியாரிடம் விட்டிருக்கும் மகளைக் கூட்டி வந்துவிடலாம்.

"பானை பொட்டிப்போச்சா அழகரே? இத்தற வெள்ளம் எங்க போகுது?" என்று தண்ணீர்ச் செலவைக் கேட்டார் முதலாளி தம் மலையாளத் தமிழில், சாயாவை உறிஞ்சிக்கொண்டே.

"புதுப் புல்லுங்க மொதலாளி. கொஞ்சம் குடிக்கும்."

எங்கே வெட்டினாய் என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே, அம்மை கண்டவர்களை அடைத்துவைத்த கொட்டகைக்குப் பின்னால். ஆடுமாடு அண்டாத மண்ணில் புல் மெத்தையாய் வளர்ந்திருந்தது. ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளையும் மற்றப் பிணங்களோடு அங்கேதான் போட்டு மூடினார்கள். சாகுமுன் வேலிக்குள்ளிருந்து, "ஒரு வாய் தண்ணி குடுய்யா" என்று கெஞ்சினாள். தனக்கும் தொத்திக்கொள்ளுமென்று திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தான் பாவி. எந்தக் குழி அவளுடையது என்று தெரியாது. தெரியாததனாலேயே மண்வெட்டி கூசாமல் இறங்கிற்று.

உச்சிவெயில். வீட்டில் எல்லோரும் உறக்கம். சுக்கும் மிளகும் காயும் நெடி தெருவிலிருந்து வந்துகொண்டேயிருந்தது, பிறகு நின்றுபோனது. காக்கைகூடக் கரையவில்லை. அழகர் குந்தி உட்கார்ந்து முதல் பானையில் ஊற்றினான். உள்ளே மடக் மடக்கென்று சத்தம். மண் உறிஞ்சும் சத்தமல்ல. தொண்டைச் சத்தம். இன்னொரு குடம். மடக். இன்னொன்று. மடக்.

காலடியில் புல் மேலெழுந்து தாழ்ந்தது.

ஓட வேண்டும். ஆனால் அறை? மகள்? புல் வாடினால் எல்லாம் போச்சே! மறுபடியும் குடத்தைச் சாய்த்தான்.

"குடி தாயி, குடி," என்று அழுதான். "குடிச்சிட்டு என்னை விட்டுரு."

சத்தம் நின்றது. பானை நிறைந்து தளும்பியது. அப்பாடா.

தண்ணீருக்குள்ளிருந்து, கொப்புளம் வெடித்த விரல்கள் எழும்பி அவன் மணிக்கட்டைப் பிடித்தன. கத்த வாய் திறந்தான். புல்வெளியெங்கும் மற்றப் பதினோரு மூடிகளும் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன.