பம்பரத்துக்கு ஒரு பன்

பம்பரத்தின் அம்மா ஓட்டலுக்குள் நுழைந்தால், சாப்பாட்டுக்கு முன்னால் விசாரணை நடக்கும்.

அம்மாவுக்குப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர் வேலை. டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல நடிப்பவர்களை, குறட்டை விடும் தினுசிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதே கண்ணோடுதான் ஓட்டல் தட்டையும் பார்ப்பார்.

"இந்த சாஸ்ல மாவு கலந்திருக்கா? கத்தியைக் கழுவினீங்களா? எதுல துடைச்சீங்க? அந்தத் துணி எங்க?"

ஒருமுறை அந்தத் துணியைச் சமையலறையிலிருந்து கொண்டுவந்து காட்டவே வைத்துவிட்டார். பம்பரம் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா கேட்பதிலும் நியாயம் இருந்தது. கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது. அது பம்பரத்தின் வயிற்றுக்கு ஆகவே ஆகாது. ஒரு துகள் உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்து முறுக்கும். நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றுவதால்தான் வீட்டில் அவளைப் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பம்பரமே அப்போது சுருண்டு படுத்துவிடும்.

அடுத்த வாரம் பள்ளியில் மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். மதியச் சாப்பாடு ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பர்கர் கடையில். அதைக் கேட்டதும் அம்மா சொன்னார், "சரி, நானும் லீவு போட்டுட்டு வரேன்."

"அம்மா! வேற யாரோட அம்மாவும் வரலம்மா!"

"வேற யாருக்கும் உன் வயிறு இல்லையே."

பம்பரம் அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னார்.

"இன்னைக்குப் பெரியப்பா அந்தக் கடைக்குத்தான் கூட்டிட்டுப் போறாராம். நான் வரல. நீயே கேட்டு, நீயே வாங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டு வா. காலையில வயிறு வலிக்கலைன்னா மீன் பாக்க நீ தனியாப் போகலாம். வலிச்சா, நானும் பஸ்ல ஏறிடுவேன்."

பம்பரத்துக்கு அம்மா பள்ளிப் பேருந்தில் ஏறி எல்லாருடைய டிபன் டப்பாவையும் பரிசோதிப்பது கண்முன்னால் வந்து போனது.

பெரியப்பா கார் ஓட்டக் கற்றுத்தருபவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அப்படித்தான் அவர் சொல்வார்.

"இதுக்கெல்லாம் மனசுதான் காரணம்," என்றார், கடைக் கதவைத் தள்ளிக்கொண்டே. "எனக்கு வயசு அம்பது. கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"நீங்க கல்லு சாப்பிடுங்க பெரியப்பா. எனக்குக் கோதுமை இல்லாத பன் போதும்," என்றாள் பம்பரம்.

கவுண்டரில் தொப்பி போட்ட ஓர் அக்கா நின்றிருந்தார். சட்டையில் 'பயிற்சியில் இருக்கிறேன்' என்று ஒரு வில்லை. கொஞ்சம் தள்ளி டை கட்டிய மேனேஜர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் எங்கள் குடும்பத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்," என்று அக்கா மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

பம்பரம் எக்கி நின்று கேட்டாள். "அக்கா, எனக்குக் குளூட்டன் ஆகாது. அது இல்லாத பன் இருக்கா?"

"இருக்கும்மா. தனி பாக்கெட்ல சீல் வச்சு வரும்."

"உருளைக்கிழங்கு வறுவல்?"

அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மாவுல தோய்ச்ச கோழியையும் அதே எண்ணெயிலதான் போடுறாங்க."

"அப்போ வேண்டாங்க்கா. கையுறை மாத்திட்டுச் செய்யச் சொல்லுவீங்களா?"

"கண்டிப்பா." அக்கா ஒரு பொத்தானை அழுத்தினார். திரை ஊதா நிறத்துக்கு மாறியது. உள்ளே யாரோ, "ஊதா வருது! கையுறை மாத்து!" என்று கத்தினார்கள்.

பம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. விசாரணை முடிந்துவிட்டது. யாரும் மேஜைக்கு அடியில் ஒளிய வேண்டியிருக்கவில்லை.

முதலில் பெரியப்பாவின் பர்கர் வந்தது. அவர் பாதியை முடித்த பிறகு, அக்காவே பம்பரத்தின் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பர்கர் மேல் குட்டி ஊதாக் கொடி. அக்காவின் முகமெல்லாம் சிரிப்பு.

பம்பரம் பன்னைத் தொட்டாள். தொட்டவள் கையை எடுத்துவிட்டாள்.

பாக்கெட் பன் எப்போதும் சில்லென்று, காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல வெளுத்திருக்கும். இதுவோ பொன்னிறமாக, பழுப்புக் கோடுகளோடு, ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது.

"அக்கா, இது எப்படி இவ்ளோ சூடா இருக்கு?"

அக்கா குனிந்து ரகசியமாகச் சொன்னார். "பாக்கெட்டைப் பிரிச்சா ஐஸ் மாதிரி இருந்துச்சு. எல்லாரும் சூடா சாப்பிடறப்போ சின்னப் பொண்ணு நீ மட்டும் ஏன் சில்லுனு சாப்பிடணும்? அதான் நானே எடுத்துட்டுப் போய், எல்லா பன்னும் வாட்டுற மெஷின்ல வச்சு வாட்டினேன்."

"பாத்தியா, என்ன அக்கறை!" என்றார் பெரியப்பா. "சாப்பிடு, சாப்பிடு."

பம்பரத்துக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. சாப்பிட்டால் வயிறு வலிக்கும், அம்மா பஸ்ஸில் ஏறிவிடுவார். சாப்பிடாமல் போனாலும் ஏறிவிடுவார். சத்தம் போட்டால் இந்த நல்ல அக்கா மாட்டிக்கொள்வார். மேனேஜர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மத்த பன்னோட துகள் இதுல ஒட்டியிருக்குமே," என்றாள் மெதுவாக.

அக்கா பன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேம்மா. சுத்தமாத்தானே இருக்கு?"

இதை எப்படிப் புரியவைப்பது? பம்பரம் சுற்றும் முற்றும் பார்த்தாள். எதிரே பெரியப்பா. அவரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, எங்க பெரியப்பா பாதி பன்தான் சாப்பிட்டிருக்கார். துகள் எங்கெல்லாம் இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்."

அக்கா பார்த்தார். மீசையில் இருந்தது. சட்டைப் பையில் இருந்தது. கண்ணாடியில் இருந்தது. காதுக்குப் பக்கத்தில்கூட ஒன்று உட்கார்ந்திருந்தது. அது அங்கே எப்படிப் போனது என்று பெரியப்பாவுக்கே தெரியவில்லை.

"நான் ரொம்ப சுத்தமாச் சாப்பிடறவன்," என்றார் பெரியப்பா. சொல்லும்போதே மீசையிலிருந்து ஒரு துகள் பறந்துபோய்ப் பக்கத்து மேஜைப் பெண்மணியின் கைப்பையில் இறங்கியது.

அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றது. "அய்யோ! அந்த மெஷின்ல காலையிலேர்ந்து எத்தனை பன் வாட்டியிருக்கோம்!"

"அப்படிச் சொல்லுங்க!" பெரியப்பா துள்ளி எழுந்தார். "இதைத்தான் நான் அப்பவே நினைச்சேன்! எங்கய்யா மேனேஜர்?"

"பெரியப்பா, உக்காருங்க," என்றாள் பம்பரம். அச்சு அசல் அம்மாவின் குரல். பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. "இன்னைக்குத்தான்மா முதல் நாள்."

"சொல்லித்தான் ஆகணுங்க்கா. இல்லன்னா நாளைக்கு வேற யாராவது இதே மாதிரி வாட்டிடுவாங்க. ஆனா நான் சொல்றேன். வாங்க."

பம்பரம் தட்டை ஏந்திக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்," என்று அவர் ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"என் வயிறும் எனக்கு முக்கியம் சார்," என்றாள் பம்பரம். "இந்த பன்னை மெஷின்ல வாட்டிட்டாங்க. நான் சாப்பிட முடியாது. ஆனா எப்படிச் சூடாச்சுன்னு கேட்டதும் இந்த அக்கா மறைக்காமச் சொன்னாங்க. அதனாலதான் நான் தப்பிச்சேன். திட்டாதீங்க சார். சில்லுனு இருந்தா பாவம்னு நினைச்சுத்தான் செஞ்சாங்க."

மேனேஜர் வாயைத் திறந்தார். இதற்கு என்ன ஒப்பிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் சொந்தமாகவே பேச வேண்டியதாயிற்று.

"என்னை மன்னிச்சிடும்மா. இதை முதல்லயே அவங்களுக்குச் சொல்லிக் குடுக்காதது என் தப்பு. புதுசா எல்லாத்தையும் செஞ்சு தரச் சொல்றேன். ஆனா பன் சில்லுனுதான் இருக்கும், பரவாயில்லையா?"

"எங்க வீட்ல சீல் பிரிக்காம, ஊசியால ஒரு ஓட்டை மட்டும் போட்டு மைக்ரோவேவ்ல வைப்போம் சார். சூடும் ஆகும், துகளும் ஒட்டாது."

அக்கா உள்ளே ஓடினார். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம். கடையே திரும்பிப் பார்த்தது.

"ஓட்டை போட மறந்துட்டேன்!" என்று அக்காவின் குரல் கேட்டது. "இன்னொரு பாக்கெட் எடுக்கிறேன்!"

அடுத்த முறை மறக்கவில்லை. ஊதாக் கொடியோடு இரண்டாவது பர்கர் வந்தது. பன் வெளுப்பாகத்தான் இருந்தது, ஆனால் நல்ல சூடு. பம்பரம் கடைசி வாய் வரை ரசித்துச் சாப்பிட்டாள். வாட்டிய பர்கர் வீணாகக் கூடாது என்று பெரியப்பா அதையும் சாப்பிட்டார். பிறகு வறுவலையும், கோழியையும், அதற்கும் பிறகு பெரிய ஐஸ்கிரீம் ஒன்றையும் சாப்பிட்டார்.

காலையில் பம்பரம் கண் விழித்தபோது, அம்மா கட்டில் அருகில் சீருடைச் சேலையோடு நின்றிருந்தார்.

"வயிறு?"

"வலிக்கல."

"இங்க? இங்க?" அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நிஜமாத்தான் சொல்றியா?"

"சத்தியமா வலிக்கலம்மா."

பம்பரம் நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்டு முடித்ததும் அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். சந்தோஷம்தான், ஆனாலும் மகள் சீக்கிரம் வளர்ந்துவிட்டாளே என்று கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. பெரியம்மா பேசினார். அவர் பேச்சு பம்பரத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. அம்மா பேசியது மட்டும் கேட்டது.

"என்னக்கா, வயித்து வலியா? எப்போலேர்ந்து? என்ன சாப்பிட்டாராம்? எத்தனை? அதுக்கு மேலயுமா? ஐஸ்கிரீம் எந்த சைஸ்?"

பம்பரம் அம்மாவின் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அப்போ மீன் பாக்க நான் தனியாப் போலாமா?"

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"நீ தாராளமாப் போயிட்டு வா," என்றார். "உங்க பெரியப்பாவைத்தான் இனிமே தனியா அனுப்பக் கூடாது."