கிட்டாரோடு வந்த ஒப்பாரி

கோதண்டபாணி டீயைத் தொடவில்லை. தம்ளரில் ஆடை படிந்து கிடந்தது.

"பீங்கான் பட்டறையில வேல பாக்கறவனெல்லாம் போன்ல கேக்கறான்... எம் பொண்டாட்டி ஒப்பாரிய, கிட்டாரோட! நம்ம வூட்டுப் பொம்பள கொரலு ஊரு வாயில கெடக்கணுமா?"

சென்னையில் நண்பர்களோடு மகள் கனிஷ்கா போட்ட ராக் ஆல்பம் நேற்றுதான் வெளிவந்திருந்தது. அதன் கடைசிப் பாட்டில் அம்மா சிவசங்கரியின் குரல். தாளத்துக்குக் கனிஷ்காவே பீங்கான் கிண்ணங்களைத் தட்டியிருந்தாள்.

"அது ஆயாவுக்குப் பாடினதுப்பா..."

"எங்கம்மா பொணமாக் கெடந்தப்ப மூத்த மருமவ ஒரு வரி பாடல! எந் தங்கச்சி பானுவப் பாத்துக்கறேன்னு தோட்டத்து ரூமுல போயிக் கதவச் சாத்திக்கிட்டா. இப்ப மைக்கு கெடச்சதும் பாசம் பொங்குதா? ஆல்பத்துலேர்ந்து பாட்ட எடு. இல்லன்னா இந்த வூட்டுப் படி ஏறாத!"

சிவசங்கரி தலை குனிந்து நின்றாள். ஒவ்வொரு திவசத்துக்கும் கேட்ட சொல்தான். மானமுள்ள குடும்பம்; அங்கே ஒரு பெண்ணின் மௌனத்துக்கு யாரும் காரணம் கேட்டதில்லை.

"எடுத்துடு கண்ணு... எனக்காவ நீ அப்பாவ எழந்துடாத."

கனிஷ்கா அழுதுகொண்டே போனை எடுத்தபோது வாசலில் ஓர் அலறல்.

"அண்ணி!"

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்திருந்தாள் பானுமதி, கோதண்டபாணியின் தங்கை.

"பாட்டக் கேட்டியாண்ணே?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

"கேளு!" தன் போனைத் தட்டினாள். கிட்டார் மெல்ல விம்மியது. அதன்மேல் சிவசங்கரியின் குரல் எழுந்தது.

*மக காத மூடச் சொல்லி, அத்தே,*
*என் வாய மூடிப் போனியே...*
*வயித்துப் புள்ள தங்கணும்னு, அத்தே,*
*என் சத்தியத்த வாங்கிப் போனியே...*

"ரெண்டு புள்ள தங்காம, அம்மா செத்தப்ப மூணாவது ஏழு மாசம் எனக்கு. அழுவச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு அண்ணி எங்காதப் பொத்திக்கிட்டே இருந்தாங்க. அம்மா வாங்கின சத்தியம்னு எனக்கே இப்பதாண்ணே தெரியும்!"

கோதண்டபாணி மனைவி பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பானு புள்ள ஆளாவற வரைக்கும் வேணாம்னுதான். ஆயாவுக்கு ஒப்பாரி இல்லாமப் பண்ணின புள்ளன்னு அவன ஊரு சொல்லும்..." சிவசங்கரி முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களே சொல்லியிருப்பீங்க."

அவர் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, சாவு வீட்டில் உட்காருவதுபோல் தரையில் உட்கார்ந்தார்.

"திரும்பப் போடும்மா கனிஷ்கா."

கிண்ணங்கள் ஒலித்தன. பானுமதி அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளில் முகம் புதைத்து, அந்த வீட்டின் நடுக்கூடத்தில், வாய்விட்டு ஒப்பாரி எடுத்தாள் மூத்த மருமகள்.