முதல் பதிப்பில் செத்தவள்

டெலிபோன் அலறியது.

எனிட் கார்பட் எரிச்சலோடு டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தாள்.

திரைக்கதையில் ஒரே ஒரு வரி பாக்கி. கடைசி வரி! பக்கத்தில் ஊற்றி வைத்த போர்ட் ஒயின் கிளாஸ் காத்திருந்தது.

ரிசீவரை எடுத்தாள்.

"இந்த நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்," என்றது தழுதழுத்த பெண் குரல். "எனிட் கார்பட்டோட உறவுக்காரங்க யாராவது இருக்கீங்களா? அடுத்த பதிப்புல போட அவங்க போட்டோ ஒண்ணு வேணும்."

"பெரில், நான்தான்டி பேசறேன். எதுக்கு என் போட்டோ?"

மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்தது. தேநீர்க் கோப்பையாக இருக்கலாம்.

"எனிட்...? நீ காலையில செத்துப் போயிட்டியே!"

பெரில், 'ஈவினிங் லேன்டர்ன்' பத்திரிகையில் இரங்கல் பகுதியைக் கவனிப்பவள். எனிட் அங்கே நிருபராக இருந்த காலத்துத் தோழி. பேர் பெற்றவர்களின் இரங்கல் கட்டுரையை, அவர்கள் ஆரோக்கியமாக நடமாடும்போதே எழுதி அலமாரியில் பூட்டி வைப்பது லண்டன் பத்திரிகைகளின் வழக்கம். எனிட்டுடையது நாலு வருஷமாகத் தயாராக இருந்தது.

இன்று காலை எடிட்டரே வந்து அதைக் கேட்டு வாங்கினாராம். பத்து மணிக்கு முதல் பதிப்பு அச்சாகி, வேன்கள் கிளம்பிவிட்டனவாம்.

"படி, கேட்கறேன்," என்றாள் எனிட்.

பெரில் படித்தாள். பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைத் தொழிலாளியின் மகள். பதினேழு வயதில் டைப்பிஸ்ட். லண்டன் மேல் குண்டு விழுந்த நாட்களில் கூரை மேல் நின்று செய்தி கொடுத்தவள். 'லேன்டர்ன்' பத்திரிகையின் முதல் பெண் க்ரைம் நிருபர். வேலையை உதறிவிட்டு சினிமாவுக்குப் போய்ப் பதினெட்டுப் படங்கள்.

"'பிடிவாதக்காரி'ன்னு போட்டிருக்கா?"

"ரெண்டு இடத்துல."

"பரவாயில்லை. மேல படி."

"கடைசிப் பாரா எடிட்டர் கைப்பட எழுதினது. 'இன்று காலை தன் இல்லத்தில் ஒரு கிளாஸ் போர்ட் ஒயின் அருந்திய சிறிது நேரத்தில், மாரடைப்பால் காலமானார்...'"

எனிட்டின் பார்வை மெல்ல அந்த கிளாஸுக்குப் போனது.

அதைக் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

நேற்று மாலை வந்த பாட்டில் அது. 'படம் வெற்றி பெற, ஸ்டூடியோ நண்பர்கள்' என்று அட்டை.

"'...ஆல்ஃபி டன்னிங் பற்றிய தன் கடைசித் திரைக்கதை முழுக்கக் கற்பனையே என்று அவரே நண்பர்களிடம் கூறியிருந்தார்.'"

எனிட்டுக்கு ரத்தம் கொதித்தது!

ஆல்ஃபி டன்னிங் ஒரு பால்காரன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தொன்றில், கொலைக் குற்றத்துக்காகத் தூக்கில் போடப்பட்டவன். மதுக்கடையில் வைத்துத் தன்னிடம் அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக ஒரு நிருபர் கோர்ட்டில் சாட்சி சொன்னார். அந்த நிருபர், அதே சாயங்காலம் பிரைட்டன் குதிரைப் பந்தயத்தில் இருந்ததை எனிட் கண்டுபிடித்து, திரைக்கதையில் எழுதிவிட்டாள்.

அந்த நிருபர்... இன்றைய எடிட்டர் ரூபர்ட் சில்கோட்.

ஒவ்வொரு திரைக்கதையையும் முடித்த அந்த நிமிஷமே எனிட் ஒரு கிளாஸ் குடிப்பாள் என்பது பத்திரிகை உலகத்துக்கே தெரியும். ஒன்பது மணிக்கு ஸ்டூடியோ ஆள் வந்து கதையை வாங்கிப் போவதாக ஏற்பாடு. பாட்டிலை அனுப்பிய சில்கோட், அதற்குள் அவள் செத்திருப்பாள் என்று கணக்குப் போட்டுவிட்டார். கடைசிப் பக்கத்தை அவள் நாலு தடவை கிழித்துப் போட்டதும், ஸ்டூடியோ ஆளைச் சாயங்காலம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பியதும் அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு சாவைக்கூடப் போட்டிப் பத்திரிகைக்கு விட்டுக்கொடுக்க மனசு வராத மனிதர். முந்திக்கொண்டார்!

"எனிட், கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு உள்ளேயே இரு," என்று அழுதாள் பெரில்.

"கொல்லப் பார்த்ததைக்கூட மன்னிச்சிடுவேன்டி. கற்பனைன்னு எழுதினான் பாரு... இன்ஸ்பெக்டர் ஓல்ட்ராய்டைக் கூப்பிடு. நான் அங்கே வர்றேன்."

வழியில் இரண்டு இடத்தில் டாக்ஸியை நிறுத்தினாள். முதலில் போலீஸ் ஸ்டேஷன். அடுத்து, ஒரு ஒயின் கடை.

'லேன்டர்ன்' செய்தி அறைக்குள் அவள் நுழைந்தபோது நாற்பது டைப்ரைட்டர்கள் ஒரே நேரத்தில் நின்றன. விளையாட்டுப் பகுதிக்காரர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

எடிட்டர் அறைக் கதவை அவள் சாத்தவில்லை. லேசாகத் திறந்தே விட்டாள்.

சில்கோட் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் சிரித்தார். யாரோ டாக்டர் என்று போனில் சொன்னதை நம்பி ஏமாந்துவிட்டதாக வருத்தப்பட்டார்.

"டாக்டர் எந்த ஒயின்னு கூடவா சொன்னார்?"

"சொன்னார்."

எனிட் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மேஜையில் இருந்த கிளாஸில் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்போ ஒண்ணுமில்லைதானே ரூபர்ட்? என் ஆயுசு கெட்டியா இருக்கணும்னு ஒரு வாய் குடி."

அவர் கிளாஸைத் தொடவில்லை.

கடிகாரம் டிக்... டிக்... என்றது.

சட்டென்று எழுந்தார். கிளாஸைத் தரையில் வீசினார். பாட்டிலைக் கணப்பு அடுப்பில் ஓங்கி அடித்தார். சிதறியது!

"இப்ப எதை வெச்சு நிரூபிப்பே?" மூச்சு வாங்கியது. "விஷம் போச்சு. உன் கதையும் போச்சு. பன்னெண்டு வருஷம் ஆச்சு எனிட், அந்தப் பால்காரனுக்காக எவ அழறா?"

"அவன் தங்கச்சி டோரிஸ். வாராவாரம் எனக்குக் கடுதாசி போடறா. அண்ணன் குற்றவாளி இல்லைன்னு திரையில பார்த்துட்டுத்தான் சாவேன்னு எழுதறா."

"பொய் சாட்சிதான் சொன்னேன். அதனாலதான் இந்த நாற்காலி கிடைச்சது. நான் சொன்னா நம்புவாங்க. நீ சொன்னா சினிமாக்காரின்னு சிரிப்பாங்க."

எனிட் ஜன்னலோரம் போய்ச் சாய்ந்து நின்றாள்.

"நீ உடைச்சது மூலைக் கடையில வாங்கின நல்ல ஒயின், ரூபர்ட். குடிச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நிரபராதின்னே நாங்க நம்பியிருப்போம்."

கதவு முழுசாகத் திறந்தது.

இன்ஸ்பெக்டர் ஓல்ட்ராய்டின் கையில் அசல் பாட்டில், அட்டையோடு! பின்னால் பெரில்... ஷார்ட்ஹேண்ட் நோட்டில் இரண்டு பக்கம் நிரப்பியிருந்தாள்.

"விஷம்னு யாரும் இன்னும் உங்ககிட்ட சொல்லவே இல்லையே சார்," என்றார் இன்ஸ்பெக்டர் மரியாதையாக.

டன்னிங் வழக்கையும் இன்றே மறுபடி திறக்கச் சொல்வதாக எனிட்டிடம் சொல்லிவிட்டு, சில்கோட்டின் தோளைத் தொட்டார்.

பத்து நிமிஷம் கழித்து, காலியான எடிட்டர் நாற்காலியில் அமர்ந்து எனிட் தன் திரைக்கதையின் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தாள். பெரில் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அறுபதாயிரம் பிரதி தெருவுக்குப் போயிடுச்சு எனிட். அடுத்த பதிப்புல 'எனிட் கார்பட் உயிருடன் இருக்கிறார், வருந்துகிறோம்'னு திருத்தம் போடட்டுமா?"

எனிட் நிமிரவே இல்லை.

"வருந்தறதை எடுத்துடு. அப்படி வருந்தற ஒரே ஆளைத்தான் இப்ப போலீஸ் கார்ல ஏத்தியாச்சே!"