புழுப்பொடி

1958, ஆனி மாதம். சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு நடுப்பகலில் குற்றாலத்தில் ஆவுடைநாயகம் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். நோயாளியைப் பார்க்கப் போகவில்லை. தென்காசி மாட்டாஸ்பத்திரி முத்திரை குத்திய தகர டப்பா ஒன்று அங்கே இருந்தது. அது யார் கண்ணிலாவது பட்டால் என் கம்பவுண்டர் வேலை போய்விடும்.

அவர் மனைவி சண்முகசுந்தரிக்குச் சித்தப்பிரமை. தலைக்குள் புழு நெளிகிறது என்று ஓயாமல் சொல்லுவாள். தினம் இரண்டு வேளை அருவியில் தலையைக் காட்டவைத்தும் தெளியவில்லை. பட்டணத்தில் புதிதாக ஒரு பைத்திய மாத்திரை வந்திருக்கிறது, அதற்கும் ஆட்டுக்குக் குடற்புழு போகக் கொடுக்கும் நம் புழுப்பொடிக்கும் தாய்ச்சரக்கு ஒன்றுதான், பினோதையசின் என்று காப்பிக் கடையில் அவரிடம் மேதாவி மாதிரி அளந்தவன் நான். அவர் கேட்டதும் டப்பாவையே தூக்கிக் கொடுத்தவனும் நான். மூன்றாம் நாள், சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று ஆள் அனுப்பினார். ஆட்டுக்கும் அப்படித்தான் போகும், நிறுத்தாமல் கொடுங்கள் என்றேன். நினைத்தால் இன்றும் என் முகத்தில் நானே காறித் துப்பத் தோன்றுகிறது. உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது என்று காதில் விழுந்த பிறகுதான் டப்பா நினைவு வந்தது. கிளம்பினேன்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஆள் இல்லை. பின்னறையிலிருந்து மூத்திரமும் புளித்த மோரும் கலந்த நாற்றம் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தேன்.

சண்முகசுந்தரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா.

"புழு எல்லாம் போயிட்டு, அண்ணாச்சி."

எனக்கு உயிர் வந்தது. "நல்லதும்மா. அந்த டப்பாவக் குடுங்க."

நீட்டினாள். விரல்கள் பட்டன. கொழகொழவென்று இருந்தன.

"யாருகிட்ட பேசுதிய?"

வீட்டு வேலையாள், கடற்கரை என்பவன், தலை சொட்டச் சொட்டப் பின்னால் நின்றான். "அம்மாகிட்டதான்" என்றேன்.

"அம்மாவ நேத்தே எரிச்சாச்சே, அண்ணாச்சி. இப்பதான் சாம்பலக் கரைச்சிட்டு வாரோம்."

திரும்பினேன். சுவர் மட்டும் இருந்தது.

டப்பா என் கையில் இருந்தது.

மூடியைத் திறந்தேன். பச்சைப் பொடிக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. புழுவைக் கொல்லுகிற பொடிக்குள்! பின்னறையை விட்டு ஓடினேன். முற்றத்திலேயே வாந்தி எடுத்தேன்.

அப்போதே சிற்றாற்றில் வீசியிருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்ற பயம் விடவில்லை. புழுக்களைக் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு, டப்பாவை ஆஸ்பத்திரி அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன். மறுநாள் சிவகிரி ஆட்டுக்காரன் சுடலையாண்டிக்கு அதிலிருந்தே பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். இவ்வளவு கேவலமானவன் நான்.

எட்டாம் நாள் சுடலையாண்டி வந்தான். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான்.

"ஆடு ஏதும் செத்துப்போச்சா?" என்றேன்.

"ஆடெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி. கிடைக்குள்ள ஒரு பொம்பள வந்து படுத்துக்கிடுதா. கண்ணெல்லாம் மஞ்சளு. பட்டப்பகல்ல, ஆடுகளுக்கு நடுவுல. நாயி பக்கத்துல போக மாட்டேங்கு."

நான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க வந்தாத்தான் எந்திரிப்பாளாம். வண்டி கொண்டாந்திருக்கேன், வாங்க."