அழுக்கு எந்தப் பக்கம்?

செவ்வாய்க் கிரகத்தின் செம்மேட்டுக் குடியிருப்பில், பல் துலக்கும்போதே குளியலறைக் கண்ணாடி உடம்பு முழுவதையும் சோதித்துவிடும். கண்ணையும் பல்லையும் மட்டும் நேரில் போய்க் காட்ட வேண்டும்; கண்ணுக்கு விழியன் என்ற மருத்துவ இயந்திரம். அதற்கான நினைவூட்டலில் ‘இன்றே’, ‘பிறகு’ என்று இரண்டு பொத்தான்கள் மின்னும். பரிபூரணம் நாற்பத்தொரு முறை ‘பிறகு’ அழுத்தியிருந்தாள். இந்த விஷயத்தில் கதை சொல்பவனுக்குப் பேச அருகதை இல்லை, மேலே போவோம்.

குடியிருப்பின் கூரைக் கண்ணாடியை வெளியே நின்று துடைப்பது அவள் வேலை. கறை நன்றாகத் தெரியட்டும் என்று தலைக்கவசத்தின் கறுப்பு மறைப்பை ஏற்றிவிட்டுக்கொள்வாள். ஆறு ஆண்டு வெயில் நேராகக் கண்ணில் இறங்கியது. வலது கருவிழி ஓரத்தில் ஜவ்வரிசி போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்த பிறகுதான் போனாள்.

விழியன் ஒளியால் அந்த இடத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தது. “புற்றுநோய் இல்லக்கா. ஆனா அதுக்கு வரிசையில நிக்குது. மேல் அடுக்கத் தாண்டிடுச்சுன்னா கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். நாப்பத்தோரு தடவ பிறகுன்னா என்னக்கா அர்த்தம்?”

“திட்டினது போதும், மருந்தக் குடு.”

சொட்டு மருந்து. ஒரு வாரம் தினம் நான்கு வேளை, மூன்று வாரம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று. மிளகாய்ப்பொடி பட்டதுபோல் எரிந்தது. இரண்டாம் சுற்றிலேயே புள்ளி மறைந்துவிட்டது. “அதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குடி?” என்றாள் உடன் வேலை செய்யும் செங்கமலம். பரிபூரணம் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

கடைசிச் சோதனையில் விழியன் சொன்னது: “புள்ளி அப்படியே இருக்குக்கா. நாளைக்கு வெட்டிடலாம்.”

ஆனால், காலையில்கூடக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லையே? தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பவர்களின் முதல் கேள்வி ஒன்றுதான்: அழுக்கு எந்தப் பக்கம்?

“இடது கண்ணப் பாரு.”

“அங்கயும் இருக்குக்கா. அதே இடம், அதே அளவு.”

“அந்தச் சுவத்தப் பாரு.”

“சுவத்துக்கும் வந்திருக்குக்கா.”

இடுப்பிலிருந்த துணியால் விழியனின் லென்ஸை அழுத்தித் துடைத்தாள். “இப்ப?”

“ரெண்டு கண்ணும் சுத்தம்.”

பரிபூரணம் அப்படியே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: “இதக் கடைசியா எப்பத் துடைச்ச?”

“தினம் நினைவூட்டல் வரும்க்கா. நூத்தித் தொண்ணூறு தடவ ‘பிறகு’ போட்டிருக்கேன்.”

“யார்கிட்டக் கத்துக்கிட்ட இத?”

“வர்ற நோயாளிங்ககிட்டதான்.”

அதன் மார்புத் திரையில் அன்றைய நினைவூட்டல் மின்னியது. இரும்பு விரல் பழக்கத்தில் ‘பிறகு’வை நோக்கி நகர, பரிபூரணம் அதை எட்டிப் பிடித்து, இழுத்து வந்து ‘இன்றே’யில் அழுத்தினாள். அதே நேரம் பக்கத்துச் சுவரில் அவள் பெயர் மின்னியது: பல் பரிசோதனை. அவளுடைய மறு கை தானாக நீண்டு ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்தது.

“பாத்துட்டேன்க்கா,” என்றது விழியன். “இப்ப நல்லாத் தெரியுது.”